பிழை இல்லை

மேல் வரிசை நிரம்பிவிட்டதால்
இரண்டாவதை அதற்குக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள்.
நடுவே ஒரு கேபிள்.
சாம்பல் நிறம், பட்டையாக,
முழம் போட்டால் ஒன்றுக்குச் சற்றுக் குறையும்.

மின்சாரம் வந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி
தலை எண்ணத் தொடங்கும்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
கேபிள் வழியே இறங்கி
ஐந்து, ஆறு, ஏழு.
கேபிள் விட்டுப்போனால்
உலகம் நான்கோடு முடிந்துவிடும்.

வால்மியெராவுக்கு வடக்கே மர அறுவை ஆலை. பிப்ரவரி.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
மூன்றாம் உலர்த்தறையில் பன்னிரண்டு நாளாக
ஓக் பலகைகள் ஈரம் விட்டுக்கொண்டிருந்தன,
யாருடைய மாடிப்படிக்கோ.
இரவு இரண்டு நாற்பதுக்குச் சிவப்பு விளக்கு.

இங்குனா கையுறையைப் பல்லால் உருவினாள்.
கொக்கி உடைந்திருந்தது,
அரிசி மணியளவு பிளாஸ்டிக்.
அணைத்து, அழுத்திப் பிடித்து, மீண்டும் போட்டாள்.
ஏழு வரை எண்ணியது.
விரலை எடுத்தாள். சிவப்பு.

முதலாளி ப்ரூவெலிஸ், போனில், போர்வைக்குள்ளிருந்து:
"ஏழு என்றிருக்கும் இடத்தில் நான்கு என்று போடு.
விளக்கு அணைந்துவிடும்."
அணையும். அதுதான் தொந்தரவு.
ஐந்தில் காற்றுக் கதவுகள்,
ஆறில் ஈரமானி,
ஏழில் புகை மணி.
எதிர்பார்க்காததை எந்த இயந்திரமும் தேடுவதில்லை.
நிம்மதியாக ஓடும்,
எரிகிற வரைக்கும்.

டேப் ஒட்டினாள், சூட்டில் பசை வழுக்கியது.
சிகரெட் அட்டையை மடித்துச் செருகினாள், சாய்ந்தது.
ஆகவே கட்டைவிரல்.

மூன்றரைக்கு விரல் மரத்துப்போய்
இன்னொரு பலகை ஆனது.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஐனார்ஸைக் கூப்பிட்டாள்.
கைமாற்றுவதில்தான் சிரமம்,
அவள் எடுப்பதற்குள் அவன் வந்துவிட வேண்டும்.
ஒரு கணம் இரண்டு விரல்களும் ஒன்றன்மேல் ஒன்று.
ஆறு வருடம் ஒரே ஷிஃப்ட்,
இதற்குமுன் கைகுலுக்கியதுகூட இல்லை.

"எதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்?"
"ஐந்தையும் ஆறையும் ஏழையும்."
"கனமாகவே இல்லையே" என்றான்.
அவள் கறுப்பு ரொட்டியைப் பிய்த்து
அவன் இடது கையில் வைத்தாள்.
பிறகு அவள். பிறகு அவன்.
இடையில் யாரும் தும்மவில்லை.

ஆறு பத்துக்கு
ட்செஸிஸ் பால் தொழிற்சாலையிலிருந்து
கடனாக ஒரு கேபிள் வந்தது,
பழைய ரொட்டிப் பையில் சுற்றி.
ஒரு நிமிடம் எல்லாவற்றையும் நிறுத்தி மாற்றினாள்.
கொக்கி 'க்ளிக்' என்றது.

எட்டு மணிக்கு ப்ரூவெலிஸ்
பதிவுத் திரையைப் பார்த்தார்.
02:40 பிழை.
02:52 சரி.
அதன்பின் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல்
வெறும் வெள்ளை.
"தானாகவே சரியாகிவிட்டதா?" என்றார்.

இங்குனா கட்டைவிரலால் கண்ணைத் தேய்த்தாள்.
உடைந்த கொக்கியின் விளிம்பு
விரல் நுனியில் சிறு பள்ளம் போட்டிருந்தது.
அதே இடத்தில் அதே பள்ளத்தோடு
ஐனார்ஸ் வெளியே லாரிக்காகப்
பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.