பின்சாய்கோடு

புன்தா அரேனாஸ். ஜூலை. ஆறு மணிக்குள் இருட்டிவிட்டது.
மிலென்காவின் நிரல்
பனி அளவுகளைத் தேடிப் போய்
வெறுங்கையோடு திரும்புகிறது,
ஆறாம் முறை.

கோப்புறையின் பெயர் நியேவே.
ஸ்பானிய மொழியில் பனி.
அதன் முதல் எழுத்துக்கு முன்னால்
பின்பக்கம் சாய்ந்தபடி ஒரு கோடு.
கோடும் அந்த எழுத்தும் சேர்ந்தால்
அடுத்த வரிக்குப் போ என்று
கணினிக்கு யாரோ எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.
போயிற்று.
பாதி வழியில் பாதை
மடிந்து
கீழே விழுந்து
இயேவே, இயேவே என்று கிடக்கிறது
தலையில்லாப் பனி.

தொர்மென்த்தா, அதாவது புயல்,
அதற்கும் இதே கதி.
முதல் எழுத்து இருந்த இடத்தில்
நாலு விரற்கடை வெறுமை.

கோட்டை இரட்டித்தாள்.
இரண்டு கொடுத்தால் ஒன்றென்று எடுத்துக்கொள்கிற
அநியாய வட்டிக்கடை.
ஆனால் திறந்தது.

நேற்று நடந்ததற்கு அப்படி வழியில்லை.
வியென்த்தோ வியேஹோவை அழி என்றாள்.
பழைய காற்று. இரண்டு சொல்,
நடுவே ஓர் இடைவெளி.
கணினி முதல் சொல்லோடு நின்றுகொண்டது.
வியென்த்தோ: வெறும் காற்று.
பதினோரு குளிர்காலக் காற்று
ஒரு நொடியில் ஓய்ந்தது.
"வியேஹோவா? அப்படி எதுவுமில்லையே"
என்றது பிறகு, பணிவாக.

இருபுறமும் ஒரு மேற்கோள்குறி போட்டிருக்கலாம்.

யெர்க்கோ திட்டவில்லை.
ஒன்பது வருடத்துக்குப் பிரதி இருக்கிறது என்றான்.
மீதி இரண்டைப் பற்றிப் பேசாமல்
மாத்தே கொதிக்க வைத்தான்.

வெளியே காற்று ஆளைத் தள்ளுகிறது.
தெருமுனையில் கம்பத்துக்குக் கம்பம்
கயிறு கட்டியிருக்கிறார்கள்,
நடப்பவர் பிடித்துக்கொள்ள.
பிடித்தாள்.
இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை
நடந்தாள்
ஒரே சொல்லாக.