அறுபத்தெட்டு

அறுபது மைல்வரை வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.
அறுபத்தைந்தில்
கண்ணாடிக்குள் பின்னால் வரும் லாரியின் விளிம்பு கசியும்.
அறுபத்தெட்டில் ஒரு லாரி இரண்டாகிவிடும்.

வின்னமுக்காவிலிருந்து கோல்கொண்டா பதினாறு மைல்.
பெயரில்தான் வைரம்.
மற்றபடி சாம்பல் நிறப் புதர், உப்புத்தரை,
வளைவென்று சொல்ல வெட்கப்படும் ஒரு வளைவு.
எல்லோரும் எண்பதில் பறக்கும் சாலையில்
அறுபத்தெட்டைப் பிடித்துக்கொண்டு
ஐம்பது வருஷத்து டாட்சனில் நான் போகிறேன்.
அந்த இரண்டு லாரிகளும்
ஒரே ஹாரனை அடித்துவிட்டு விலகிப்போகின்றன.

டெல்பர்ட் நாலு சக்கரத்தையும் சுழலவிட்டு
இங்கே இருபது கிராம், அங்கே முப்பத்தைந்து என்று
ஈயத்துண்டுகளை ஒட்டினான்.
பணத்தை எண்ணி வாங்கிய பிறகு சொன்னான்:
“இது சக்கரத்தில் இல்லை.”

நேர்ச்சாலையில்
கிளட்சை மிதித்து கியரை நடுவில் தள்ளிப் பார்த்தேன்.
இஞ்சின் முனகி அடங்கியது.
நடுக்கம் அடங்கவில்லை.
இஞ்சின் நிரபராதி.
அதைப் பிரித்துப்போட ஒரு காரணம் கிடைக்குமென்று
நான்தான் ஆசையாய் இருந்தேன்.

தங்கை கிராசிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது.
தபால் நிலையத்தில் வேலை.
காது கேளாதவர்களுக்குத் தோல் கேட்குமாமே என்று
யாராவது சொன்னால் எரிச்சலாகிவிடுவாள்.
“கை வைத்தால் யாருக்கும் தெரியும்.
நீங்கள் வைப்பதில்லை”
என்று விரல்களால் வெட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.
ஓட்டும்போது அவள் கைகளைப் பார்க்க முடியாது,
ஆகவே ஒப்பந்தம்:
என் முழங்காலில் ஒரு தட்டு என்றால் முன்பக்கம்,
இரண்டு தட்டு பின்பக்கம்.
அவள் செருப்பைக் கழற்றி
வெறும் பாதத்தைத் தரையில் ஊன்றினாள்.
ஒரு கையை நம் இருவருக்கும் நடுவே மேடாகப் போகும்
இரும்பின்மேல் வைத்தாள்.

அறுபத்தைந்து. தட்டு இல்லை.
அறுபத்தெட்டு. தட்டு இல்லை.
கண்ணாடியில் லாரி பெருகத் தொடங்கியிருந்தது.
அப்போது அவள் விரல்
என் முழங்காலிலிருந்து இடுப்புவரை
மெதுவாக ஒரு கோடு இழுத்தது.
கோடு முடிந்த இடத்தில் நன்றாகக் குத்தினாள்.

முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
முன்னிலிருந்து பின்வரை போகும் ஒன்று.

ராத்திரி கொட்டகையில் வண்டியைத் தாங்கிகளில் ஏற்றி
பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு முடுக்கினேன்.
எங்கேயும் போகாமல் முள் அறுபத்தெட்டைத் தொட்டது.
பலகைமேல் இருந்த காப்பி டப்பா
திருகாணிகளோடு நகர்ந்து நகர்ந்து
விளிம்புக்கு வந்து
விழுந்தது.

சுழல்தண்டு. நாலு போல்ட்.
மூன்று குளிர்காலத்துக்கு முன்
கிளட்ச் மாற்ற அதைக் கழற்றியவன் நான்.
எது எதோடு இருந்ததென்று
ஒரு சுண்ணாம்புக் கோடுகூடப் போடாமல்
திரும்ப மாட்டியவனும் நான்.
அதன்பின் ஊருக்குள் மட்டுமே ஓட்டியதால்
என் தவறு என்னை வந்துசேர
இத்தனை நாள் பிடித்தது.
அதுவரை டெல்பர்ட்டையும் டயர் கம்பெனியையும்
நெவாடா மாநிலத்துத் தார்ச்சாலையையும் திட்டியிருக்கிறேன்.

தண்டில் மயிரிழைக் கோணல் ஒன்று.
அது சேரும் தட்டில் இன்னொன்று.
இரண்டும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்திருந்தன.
நான் எதையும் நிமிர்த்தவில்லை.
தண்டை அரைச்சுற்று திருப்பி மாட்டினேன், அவ்வளவுதான்.
இப்போது ஒன்று இழுக்கும் பக்கத்துக்கு
மற்றது எதிர்ப்பக்கம் நிற்கிறது.
இந்த முறை நாலு கோடு போட்டேன்,
கிராசியின் சிவப்பு நகப்பூச்சில்.
அவளைக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு.
அறுபத்தைந்து, அறுபத்தெட்டு.
கண்ணாடியில் ஒரே ஒரு லாரி.
ஓட்டுநர் கொட்டாவி விடுவதுகூடத் தெரிகிறது.
கிராசி பாதத்தைச் செருப்புக்குள் நுழைத்தாள்.
எழுபது. நான் சிரித்தேன்.
எழுபத்திரண்டு.

எழுபத்துநாலில்
என் முழங்காலில்
ஒரு தட்டு.