சராசரி அறுபது

இறால் கம்பெனியை இழுத்து மூடியபோது
ஏலத்தில் போன பெட்டி.
பக்கத் தகட்டைக் கழற்றினால்
காற்றாடி இறகெல்லாம் பழுப்பு மாவு,
ஒரு செத்த பல்லி,
உள்ளே யாரோ ஒட்டி வைத்த மாதா படம்.

சந்தியாகு செருப்போடு வாசலில் நின்றான்.
தடைக்காலம் தொடங்கி ஒன்பதாம் நாள்.
தங்கச்சிமடத்தில் பகலெல்லாம் ஆம்பளைகள்.
"ஆறாயிரத்து ஐநூறு கேக்குறான் ஜெசிந்தா.
புது கேமெல்லாம் இழுக்குமா, பாத்துச் சொல்லு."

இழுக்குமா என்றான்,
மடியை இழுப்பது போல.

நாலு கோர். பன்னிரண்டு வருசப் பழசு.
ப்ராசசர் மேலே பசை காய்ந்து
சாம்பல் புதன் நெற்றியாய்க் கிடந்தது.
வழித்துத் துடைத்து
அரிசி மணி அளவு புதுசு வைத்து
காற்றாடியை அழுத்தித் திருகினேன்.
தம்பியின் கிராபிக்ஸ் கார்டை இரவல் செருகினேன்:
குற்றம் யார்மேல் என்று
பிறகு சண்டை வரக்கூடாது.

முதல் கேம் திறக்கவே இல்லை.
மெதுவாகக்கூட இல்லை.
கருப்புத் திரை, ஒரு வரிப் பிழை,
பழையபடி டெஸ்க்டாப்.
அது கேட்கிற ஒரு கட்டளை
இந்தச் சில்லு பிறந்தபோது பாஷையிலேயே கிடையாது.
வேகம் போதாவிட்டால் காத்திருக்கலாம்.
சொல்லே தெரியாத இடத்தில்
எதற்குக் காத்திருப்பது?

"பழுதா?"
"இல்ல. நல்லாத்தான் இருக்கு.
அவுக பேசுறது இதுக்கு வெளங்கல."
"எதிர்க்கரையில புடிச்சுட்டுப் போன அன்னிக்கு
என்னையும் சிங்களத்துலதான் கேட்டாக,"
என்றான் சந்தியாகு.
"நானும் கருப்புத் திரைதான்."

இரண்டாவது திறந்தது.
மலைப்பாதை, சிவப்புக் கார்,
மூலையில் பச்சை எண்
அறுபத்தெட்டு, எழுபது, எழுபத்தொன்று.
அவன் மீசையைத் தடவிக்கொண்டான்.
சந்தைத் தெருவுக்குள் திரும்பியதும்
ஏழு.
கார் உறைந்து நின்றது. பிறகு பார்த்தால்
சுவருக்குள் இருந்தது.

பத்து நிமிடம் ஓட்டிக் கணக்கெடுத்தேன்.
சராசரி அறுபது.
விற்கிறவன் சொன்னதும் அதைத்தான், பொய்யில்லை.
"கூட்டம் வந்தா ஏழுக்கு விழுது.
நூத்துல ஒரு தடவதான்.
ஆனா அந்த ஒண்ணுலதான் நீ செத்துப்போவ."

சந்தியாகு சிரித்தான்.
"வட்டிக்காரருட்ட நானும் சராசரிதான் சொல்லுவேன்.
இறால் பட்ட நாளு, சங்காயம் மட்டும் ஏறுன நாளு,
இந்த அறுபத்தொரு நாளு,
எல்லாத்தையும் கூட்டி வகுத்துப் பாரு,
நானும் வசதியான ஆளுதான்.
அடுப்பு என்ன சராசரியிலயா எரியுது?"

நிழலைக் குறைத்தேன்.
தெருக்கூட்டத்தைப் பாதியாக்கினேன்.
தண்ணீர் என்று ஒரு வரி இருந்தது.
அலைக்கு அலை கணக்குப் போட்டுத்தான்
சில்லு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
அதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

திரையில் கடல் சட்டென்று படுத்தது.
அலை இல்லை, நுரை இல்லை,
விரித்துப்போட்ட நீலப் பாய்.
எண் இருபத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை.

அவன் காரை நிறுத்திவிட்டு
நெடுநேரம் அந்தப் பாயையே பார்த்தான்.
"கச்சான் அடிக்கிற மாசத்துல
இதுமாதிரி ஒரு பட்டன்..."
முடிக்கவில்லை.
போனை எடுத்து விற்பவனைக் கூப்பிட்டான்.
"அஞ்சாயிரம். மேல ஒரு பைசா கெடையாது.
ஏழுக்கு விழுதுண்ணே,
ஏழுக்கு!"

தகட்டை மாட்டும் முன்
பல்லியைத் தட்டிவிட்டேன்.
மாதாவை இருந்த இடத்திலேயே விட்டேன்.
காற்றுப் போகிற வழிதான்.
ரெண்டு டிகிரி கூடும்.