ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஐம்பது

ஒசாகாவில் மின்சாரம்
நொடிக்கு அறுபது தடவை புரண்டு படுக்கும்.
ஃபூஜி ஆற்றைத் தாண்டி
யோகோஹாமாவில் குடியேறினோம்.
இங்கே ஐம்பதுதான்.
சலவை எந்திரம் ஒன்றும் சொல்லவில்லை,
ரைஸ் குக்கரும்.
ஸ்பீக்கர் மட்டும்
சுருதி இறக்கி முனகியது.

செல்லோக்காரர் வில்லைத் தூக்கி
மூச்சு வாங்கும் இடத்தில்
ம்ம்ம்ம் என்று,
யாரும் கேட்காத கேள்விக்கு
ஆமாம் போடுகிற மாதிரி.

பிளக்கைத் திருப்பிச் செருகினேன்.
இந்நாட்டுச் சுவர்களுக்கு இரண்டே துளை,
ஒன்று மட்டும் அரைப் பருக்கை நீளம் கூட.
கொஞ்சம் தணிந்தது.
ரெக்கார்டு பிளேயரின் பச்சை வயரைக் கழற்றி
துரு தேய்த்து
ஆம்ப்ளிஃபயரின் முதுகில் மறுபடி முறுக்கினேன்.
இன்னும் கொஞ்சம்.
ஊசிக்கையில் விரல் வைத்தால்
பாதியாகிறது.
ஐம்பத்தேழு வயதில்
நான் தொட்டதும் அடங்குகிற ஒன்று
வீட்டில் இருக்கிறதே என்று
சற்று நேரம் விரலை எடுக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு வயராகப் பிடுங்கினேன்.
கடைசியில் ஆண்டெனா கேபிள்.

நின்றது.
அறை ஒரு பாய் அளவு பெரிதானது.

"சிகுசா! ஒன்பதாவது இன்னிங்ஸ்!"
அடுத்த அறையிலிருந்து தொகுஜி.

கூட்டத்தின் இரைச்சல் பெரிய ஸ்பீக்கரில் வரட்டுமென்று
என்னைக் கேட்காமல்
டிவியை என் ஆம்ப்ளிஃபயரில் கோர்த்தவர்.
மொட்டைமாடிக் கம்பத்துக்கு ஒரு பூமி,
என் பெட்டிகளுக்கு வேறொரு பூமி,
இரண்டுக்கும் நடுவே
போகவும் வரவும் ஒரு வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்.
அதில்தான் இத்தனை நாள்
ஊர் மின்சாரமெல்லாம் உலாவியது.

காலுறையோடு வந்து நின்றார்.
என் கையில் கேபிளின் நுனி.
யாரும் கத்தவில்லை.
அந்த ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று
நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அகிஹபாராவில்
தீப்பெட்டி அளவு டப்பா ஒன்று வாங்கி வந்தார்.
ரயிலிலேயே படித்துவிட்டாராம்:
உள்ளே இரண்டு கம்பிச் சுருள்,
ஒன்றை ஒன்று தொடாது,
ஆனாலும் படம் இந்தப் பக்கத்திலிருந்து
அந்தப் பக்கம் போய்விடும்.
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.
நான் கேபிளைப் பார்த்தேன்.

மாட்டினோம்.
இசைத்தட்டு வைக்காமல்
வால்யூமை முழுக்கத் திருப்பி
ஆளுக்கொரு ஸ்பீக்கரில் காது வைத்தோம்.

"ஏதோ கேட்குது."
"ஃப்ரிட்ஜ்."
"அதையும் பார்க்கணுமா?"
"வேண்டாம், அது சாப்பாட்டுக்கு."