கடைசி வண்டி எண்

மண் சரிந்து பாதி ரோடு போன ஐப்பசியில்
பன்னிரண்டாம் கொண்டை ஊசி வளைவில் நான்,
எட்டாம் வளைவில் சின்னப்பையன்.
பெயர்தான் அப்படி, ஐம்பத்தெட்டு வயசு.
இடையில் ஒற்றை வழி, இரண்டு வாக்கிடாக்கி,
ஏற்காட்டு மேகம் முழுசும்.

கடைசியாக இறக்கிவிட்ட வண்டியின் எண்ணைச் சொல்வேன்.
அந்த வண்டி தாண்டினால்தான் அவர் கயிற்றை அவிழ்ப்பார்.
அவ்வளவுதான் வேலை.

முதல் நாளே பிசகியது.
ஒண்ணு என்றேன். மழை முன்பாதியைத் தின்றது.
'ணு' மட்டும் போய் இறங்கியது.
அதை மூணு என்று எழுதிக்கொண்டு
இல்லாத ஒரு வேனுக்காக நாற்பது நிமிடம்
பஸ்ஸை நிறுத்திவைத்திருந்தார்.
அன்றைக்கு என்னைத் திட்டியது மட்டும்
ஒரு எழுத்து சிதையாமல் வந்து சேர்ந்தது.

கத்திப் பார்த்தேன்.
இரைச்சலும் சேர்ந்து கத்தியது.

மும்மூன்று தடவை சொன்னோம்.
சரியாகத்தான் போனது, ஆனால் வண்டிகள்
லேடீஸ் சீட்டு வரைக்கும் வால் நீட்டின.

பிறகு அவர்தான் சொன்னார்:
ஒண்ணுக்குக் காப்பி, மூணுக்கு மிளகு.
பாதி கிழிந்து வந்தாலும் ஒன்று இன்னொன்றாகாது.
கடைசியில் நாலையும் கூட்டிச் சொல்லு,
கணக்கு உதைத்தால் மறுபடி கேட்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு வண்டிகூட மாறவில்லை.
ஆனாலும் ஒரு வேகம் இருந்தது.
தூறலில் நிமிடத்துக்கு மூன்று எண்,
அடைமழையில் ஒன்று.
அதற்குள் நின்றால் எல்லாம் போய்ச் சேரும்.
தாண்டி ஒன்றைத் திணித்தால்
முன்னே போனதையும் அது குழப்பிவிடும்.
காப்பியும் மிளகும் அங்கே செல்லாது.
அந்த அளவை மேகம் வைத்திருந்தது,
நாங்கள் போய் முட்டித் தெரிந்துகொண்டோம்.

மதியம் 'ச்சா?' என்று ஒரு துண்டு வரும்.
'ஆச்சு' என்பேன்.
அந்த வேளைக்கு வேறென்ன கேட்பார்?

பதினேழாம் நாள் சாயங்காலம்
கூலி பாக்கி பற்றி என்னவோ நீளமாகப் பேசினார்.
எதிர்பாராத பேச்சு.
ஓட்டைகளை அடைக்க என்னிடம் எதுவும் இல்லை.
முடிவில் 'நாளைக்கு வர' வரைக்கும் கேட்டது.

நம் பாஷையில் உண்டா இல்லையா என்பது
வினையின் வாலில் தொங்குகிறது.
அவர் விரலோ எப்போதும்
வாலுக்கு முன்பே பட்டனை விட்டுவிடும்.

'திரும்பச் சொல்லுங்க' என்றேன்.
ஸ்ஸ் என்றது மலை.

காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.
கீழே சேலம் முழுக்கத் தெரிந்தது.
எட்டாம் வளைவில் வேறு குரல், இளசு.
முதல் வண்டி. 'மிளகு' என்று தொடங்கினேன்.

'நல்லாக் கேக்குதுக்கா,
துல்லியமாக் கேக்குது.
மிளகுன்னா என்ன?'