ஒரு புள்ளி கூடுதல்

ரூவியில் என் கடை. கேடயம், கோப்பை, பெயர்ப்பலகை.
மண்ணையும் நீரையும் காத்த ஆறு உழவர்களுக்கு விருது என்று
அலுவலகத்திலிருந்து ஆர்டர்.
பித்தளைத் தகடு, இரண்டு மில்லிமீட்டர் கனம்,
வியாழனுக்குள் வேண்டும்.

அரபி எனக்குப் படம் மாதிரி.
படிப்பதில்லை, பார்த்துச் செதுக்குவேன்.
நாலாவது தகட்டில்
ரியாமியின் முதலெழுத்துத் தலையில்
ஒரு புள்ளி உட்கார்ந்துவிட்டது.
ஸியாமி ஆகிவிட்டார் மனிதர்,
மேடையிலேயே, கைதட்டலுக்கு நடுவில்.

புள்ளியின் அருமை எனக்குத் தெரியாதா?
என் மொழியில் ஒன்று வைத்தால்
எழுத்தின் உயிரே போய்விடும்.

புதிதாய் ஒன்று செதுக்கிக்கொண்டு
வெள்ளிக்கிழமை இஸ்கிக்கு வண்டி ஓட்டினேன்,
மன்னிப்புக்கு இரண்டு சொல் மனப்பாடம் செய்தபடி.

சுலைமான் பின் நாசர் வாய்க்காலுக்குள் நின்றிருந்தார்.
திஷ்டாஷா முழங்காலுக்கு மேல், கண் கைக்கடிகாரத்தில்.
அவர் முறைத் தண்ணீர்
இன்னும் பதினேழு நிமிடம்.
இரு என்று விரல் காட்டினார்.
விருது காத்திருந்தது. நானும்.

சும்மா நிற்பானேன் என்று சுற்றி வந்தேன்.
வெள்ளம் இறங்கும் சரிவில் குறுக்கே கல்கட்டுகள்,
சிமெண்ட் இல்லை, கல்லைக் கல் பிடித்திருந்தது.
ஒவ்வொன்றின் முதுகிலும் வண்டல்.
மலை உதறிய மண்ணை
மணல்வெளிக்கு ஓடவிடாமல் உட்கார வைத்திருந்தார்கள்.
பாதிக் கல் ஷொஹிதுல் அடுக்கியது;
சில்ஹெட்காரர், நகக்கண்ணெல்லாம் அந்தக் கல்லின் நிறம்.

எலுமிச்சையடியில் பேரீச்ச மட்டை மூடாக்கு.
தூக்கிப் பார்த்தேன்.
வெளியே நாற்பத்து நாலு டிகிரி.
அடியில் ஈரம், ஒரு மண்புழு.
"மூடு!" என்று வாய்க்காலிலிருந்தே கத்தினார்.
அது மட்டும் அரபியில் உடனே புரிந்தது.

முறை முடிந்து மடை அடைத்தார்.
பலகை ஊறி, ஓரம் அரித்து,
நூலளவு தண்ணீர்
இன்னும் இவர் தோட்டத்துக்கே வந்தது.
இனி அது பக்கத்துக்காரர் பங்கு.
முகம் சுளித்தார், கடன்காரனைப் போல.

என் மன்னிப்பை முடிக்க விடவில்லை.
தப்பான கேடயத்தைக் கொண்டுவரச் சொல்லி
கட்டையிலிருந்து தகட்டை நெம்பினார்,
சாணால் அளந்தார்,
காடியில் இறக்கினார்.
ஒரு விரல் குறை. கந்தல் திணித்தார்.
கசிவு நின்றது.

புதியதைப் பார்க்கக்கூட இல்லை,
ஷொஹிதுல் கையில் கொடுத்தார்.
ஒரு தகடு நஷ்டமென்று நான் கணக்கெழுதவில்லை.

இப்போது இஸ்கியில்
தலைகீழாக, பாதி நீருக்குள் நின்றபடி
ஸியாமி என்று ஊரில் இல்லாத ஒருவர்
பக்கத்துத் தோட்டத்துக்குத்
தண்ணீர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.