கடைசிச் சிட்டை

ட்ரைவர் எழுதுகிறேன் என்றேன்.
எந்த லொறிக்கு என்றார் ஆதம்லெவ்வை முதலாளி.
லொறிக்கு இல்லை,
உங்கள் கணினிக்குள் உள்ளங்கை அகலத்தில்
ஒரு பச்சை அட்டை இருக்கிறது,
ஆறு டிஸ்க்கையும் அதுதான் மேய்க்கிறது,
அது பேசுவது கேர்னலுக்கு விளங்க வேண்டும் என்றேன்.
மேய்க்கட்டும் என்றார்.
நெல்லின் ஈரம் பார்க்கப் போய்விட்டார்.

சம்மாந்துறை, கல்லரிச்சல்.
பெரும்போக வெட்டு முடிந்த கிழமை.
இழுபெட்டிகள் வீதி வளைவு வரை நிற்கின்றன.
மின்விசிறியில் உமித்தூசு அடை அடையாய்.
அட்டையைச் செய்த கம்பனி
நான் ஓ.எல். எழுதிய வருஷமே இழுத்து மூடியது.
விளக்கப் புத்தகம் இல்லை.
ரெஜிஸ்டர் ரெஜிஸ்டராகத் தட்டி,
உள்ளிருந்து வந்த எண்ணைக் கொப்பியில் குறித்து
இப்படியே ஏழு வருஷம்.
மில்லிலும் ரெஜிஸ்டர் என்றுதான் சொல்கிறார்கள்,
சிவப்பு மட்டைப் புத்தகத்தை.

அன்று ஆறு நாற்பதுக்குக் கரண்ட் போனது.
திரும்பி வந்தபோது
வெல்லாவெளித் தம்பிப்போடியின் பதினேழு மூட்டை
கணக்கில் இல்லை.
சிட்டை அவர் கையில் இருக்கிறது, 4418.
தராசு கண்டது. அச்சுப்பொறி கண்டது.
டிஸ்க் மட்டும் காணவில்லை.
ஆனால் அட்டை எனக்குச் சொல்லியிருந்தது:
எழுதியாயிற்று.

"மெசினும் பொய் சொல்லுமா மகள்?"
கோபத்தில் கேட்கவில்லை அவர்.
தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தம்பெரேயிலிருந்து ஹெய்க்கி எழுதினான்:
இங்கே நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன், பிழை வரவில்லை.
வராது தம்பி.
உன் ஊரில் கரண்ட் போவதில்லை.

மெயின் சுவிட்சுக்குக் கீழே கதிரை போட்டேன்.
எழுது. இழு. எழுப்பு. எண்ணு.
முப்பத்தொரு தடவை.
அதில் நாலு தடவை
மின்சார சபையே இலவசமாகச் செய்து தந்தது.

முப்பத்திரண்டில் பிடிபட்டது.
போன வருஷம் கொழும்பில் வாங்கிய இரண்டாங்கை அட்டை.
அதன் சின்ன பட்டரி எப்போதோ செத்துவிட்டது.
பட்டரி சுகமா என்று என் நிரல் கேட்கிறது,
பூச்சியம் என்கிறது அட்டை.
பூச்சியம் என்றால் ஒரு வருத்தமும் இல்லை என்று
நான் எடுத்திருந்தேன்.
இந்த அட்டையின் பாஷையில்
பூச்சியம் என்றால் பட்டரியே இல்லை.

மெசின் பொய் சொல்லவில்லை.
கேட்டவள் நான், பிழையாக விளங்கியவளும் நான்.
அந்த வரிக்குப் பக்கத்தில் திகதியோடு கிடக்கிறது
முபீதா என்ற பெயர்.

பதினொரு வரி மாற்றம்.
பட்டரி செத்திருந்தால்
மனதில் வைத்துக்கொண்டு எழுதியாயிற்று என்காதே,
டிஸ்க்கில் இறங்கிய பிறகு சொல்.
ஹெய்க்கி ஓர் அரைப்புள்ளியைத் திருத்தி
உள்ளே எடுத்தான்.

அதற்கு முந்திய கிழமைதான் ஒருவர் கேட்டிருந்தார்,
இந்தப் பழைய ட்ரைவரை இன்னும் யாராவது பாவிக்கிறீர்களா,
இல்லையென்றால் அடுத்த பதிப்பில் தூக்கிவிடலாம் என்று.
மூன்று நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நான் எழுதினேன்:
சம்மாந்துறையில் ஒரு நெல் மில்.
அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக,
வால்பரைசோவில் ஒரு பல் வைத்தியர்,
ஒரு கப்பல், பெயர் சொல்ல மாட்டார்களாம்,
எஸ்தோனியாவில் தவளைச் சத்தம் சேர்த்து வைத்திருக்கும் ஒருத்தி.
எங்கே ஒளிந்திருந்தார்கள் இவ்வளவு நாளும்!
ஒளியவில்லை.
ஓடிக்கொண்டிருந்த வரை
இப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பதினேழு மூட்டைக்கும் முதலாளி காசு கொடுத்தார்,
சிட்டையைப் பார்த்து, ஒரு கேள்வி இல்லாமல்.
கணக்கில் நான் கையால் ஏற்றினேன்.
தம்பிப்போடி போகும்போது அறைக்குள் எட்டிப் பார்த்து
இதுவா அது, என்றார்.
இதுதான், என்றேன்.

இன்றைக்கும் போனது, ஆறரைக்கே.
ஜெனரேட்டருக்கு ஓடுகிறான் ஜவ்பர்.
நில்லு, என்று கத்தினேன்.
தராசடியில் கேள் முதலில்,
கடைசிச் சிட்டை எத்தனையாம்?

இருட்டுக்குள்ளிருந்து வருகிறது:
ஐயாயிரத்து நூற்று இருபத்தேழு.

பேனையை எடுத்து
உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன்.
இப்போது போடு.